'தாங்கும்' என்று சொன்னால் போதுமா?

சென்ற மாதம் வகுப்பு முடிந்ததும் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்கச் சாலை ஒன்றில் போகும் பிக்கப் வண்டியின் படம் அது. நம் ஊரில் காய்கறி மூட்டை ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டியைப் போலவே முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த தொட்டி. ஆனால் தொட்டியில் மூட்டைகள் இல்லை. ஒரு வீடே ஏறி உட்கார்ந்திருந்தது! படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய சிறு வீடு. இதைக் 'கேம்பர்' என்கிறார்கள். விடுமுறைக்கு ஏற்றிக்கொண்டு புறப்படலாம். வேண்டாதபோது இறக்கி வைத்துவிடலாம்.

"சார், இந்த வண்டி இதைத் தாங்குமா?" என்று அவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர், "தாங்காமலா ஓட்டிக்கொண்டு போகிறார்கள்?" என்றார்.

மாணவ நண்பர்களே, அந்த இரண்டாமவரின் பதிலைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். ஓடுகிறது, ஆகவே தாங்குகிறது என்பது பலரும் நம்பும் வாதம். இது தவறு என்பது என் கருத்து. 'தாங்கும்' என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் சொல் அன்று. கூட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல்.

ஓர் எழுத்தாளரின் வண்டி

1960-ஆம் ஆண்டில் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் இப்படிப்பட்ட வண்டி ஒன்றில் தம் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். முக்கால் டன் வகையைச் சேர்ந்த பிக்கப் வண்டி. அதன்மேல் படகின் அறையைப் போன்ற ஒரு சிறு வீடு. வண்டிக்கு டான் குவிக்சோட்டின் குதிரையின் பெயரான 'ரோசினான்டே' என்பதையே சூட்டினார். துணைக்குச் சார்லி என்னும் நாய். 1962-இல் அப்பயணத்தைப் பற்றிய நூல் வெளிவந்தது; அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வண்டியைக் கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் உள்ள அவருடைய நினைவுக் காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

தேவையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு சாமான்களை ஏற்றிவிட்டதாக அவரே அந்நூலில் ஒப்புக்கொள்கிறார். படிக்க நேரமில்லாமல் தள்ளிப்போட்ட புத்தகங்கள் மட்டும் 150 பவுண்டு! அதாவது 68 கிலோ. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வாகன விதிகளில் ஒரு பயணியின் எடையாகக் கொள்ளப்படுவதும் இதே 150 பவுண்டுதான். எனவே ஸ்டைன்பெக் தம்மை அறியாமலே, பேசாத பயணி ஒருவரைக் கூட்டிச் சென்றிருக்கிறார்!

கதவோரத்து எண்

அமெரிக்காவில் விற்கும் இலகுரக வண்டிகளில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்குமாகச் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். வண்டியின் மொத்த எடை எவ்வளவு வரை போகலாம், முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே எவ்வளவு சுமக்கலாம் என்ற எண்களும் அருகிலேயே காணப்படும்.

வண்டியின் கையேட்டிலும் ஒரு கணக்கை அச்சிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. வரம்பு 1,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். தலா 150 பவுண்டு எடையுள்ள ஐவர் ஏறினால் 750 பவுண்டு போய்விடும். சரக்குக்கு மிஞ்சுவது 650 பவுண்டுதான். ஐந்தாம் வகுப்புக் கழித்தல்தான் இது. ஆனாலும் இதைச் செய்யாமலே பலர் கேம்பர் வாங்கிவிடுகிறார்கள்.

காரணம், விளம்பரங்களில் வரும் 'வெற்று எடை'. அது தண்ணீரும் எரிவாயுவும் சாமான்களும் இல்லாத எடை. அந்த வீட்டில் எவரும் வாழ முடியாது! எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். இதில் வரும் எண்கள், விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கதவோரத்து வரம்பு 1,400 கிலோ. கேம்பரின் வெற்று எடை 1,000 கிலோ. "இன்னும் 400 கிலோ மிச்சம்!" என்று வாங்குபவர் மகிழ்கிறார். இப்போது கூட்டிப் பாருங்கள்:

தண்ணீர் 110 லிட்டர் - 110 கிலோ
நிரம்பிய எரிவாயு உருளைகள் இரண்டு - 34 கிலோ
மின்கலங்கள் இரண்டு - 50 கிலோ
குளிர்சாதனமும் வெயில் மறைப்பும் - 60 கிலோ
வீட்டை வண்டியோடு பிணைக்கும் கம்பிகளும் கொக்கிகளும் - 40 கிலோ
துணி, பாத்திரம், உணவு, கருவிகள் - 150 கிலோ
கணவனும் மனைவியும் - 136 கிலோ

இவை 580 கிலோ. வீட்டோடு சேர்ந்து 1,580 கிலோ. மிச்சம் இருப்பதாக நினைத்த வண்டியில் 180 கிலோ மிகை! ஓட்டுநரும் சுமைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியின் எரிபொருள் டாங்கி மட்டும் இதில் சேராது; அது நிரம்பியிருக்கிறது என்று கொண்டே வரம்பைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கேம்பரின் மேல் ஒட்டும் அட்டையில், இத்தனை தண்ணீரும் இத்தனை எரிவாயுவும் நிரம்பிய நிலையில் அதன் எடை எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும் என்றும் அமெரிக்க விதி கூறுகிறது. இது நல்ல விதி. அட்டையில் இருக்கும் அந்த எண்ணையே விளம்பரத்திலும் பெரிதாகப் போட வேண்டும் என்பேன். வாங்குபவர் முதலில் பார்ப்பது விளம்பரத்தை. அட்டையைப் பார்ப்பது பணம் கொடுத்த பிறகு.

எங்கே வைப்பது?

மொத்த எடை வரம்புக்குள் அடங்கிவிட்டால் போதுமா? போதாது. நீங்கள் வகுப்பில் படித்த நெம்புகோல் இங்கே வந்து நிற்கிறது.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர் உள்ள வண்டியில் 900 கிலோ வீட்டை ஏற்றுகிறோம். வீட்டின் புவியீர்ப்பு மையம் பின் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் அமைந்தால், அது முன் அச்சிலிருந்து 3.5 மீட்டர் தொலைவில் இருக்கிறது. முன் அச்சைப் பற்றித் திருப்புத்திறன்களைச் சமன் செய்து பாருங்கள். பின் அச்சு 875 கிலோவையும் முன் அச்சு 25 கிலோவையும் ஏற்கும். நல்லது.

அதே வீட்டின் மையம் பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப்போனால்? 900-ஐ 4-ஆல் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் 1,000 வருகிறது. வீட்டின் எடையோ 900 கிலோ. பின் அச்சு சுமப்பதோ 1,000 கிலோ! அந்த 100 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்துதான். ஊஞ்சல் பலகையைப் போல வண்டியின் மூக்கு மேலே எழும்ப, முன் சக்கரங்களின் மேல் இருந்த சுமையில் 100 கிலோ குறைந்துவிடுகிறது. வண்டியைத் திருப்புபவை முன் சக்கரங்கள். தடை போடும்போது பெரும்பங்கு வேலை செய்பவையும் அவையே. சாலையை அழுத்திப் பிடிக்காத சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது.

இதனால்தான் கேம்பர் ஏற்றத்தக்க வண்டிகளின் கையேட்டில், சுமையின் புவியீர்ப்பு மையம் எந்த எல்லைக்குள் அமைய வேண்டும் என்பதையும் படத்தோடு காட்டச் சொல்கிறது அந்நாட்டு விதி. உயரத்துக்கும் இதே நியாயம்தான். வீடு வண்டியின் மேல் உட்காருவதால் மொத்த மையமும் உயர்ந்துவிடுகிறது. வளைவில் வேகமாகத் திரும்பினால் கவிழும் வாய்ப்பு மிகுகிறது. எனவே கனமான பொருள்களைக் கீழே, தரையோடு ஒட்டி வைக்க வேண்டும்.

வெப்பம் செய்யும் வேலை

மிகைச் சுமையின் தீமை உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. சமதளத்தில் வண்டி ஒழுங்காகவே ஓடும். மலையிலிருந்து இறங்கும்போதுதான் சோதனை.

3,600 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றல் ஏறக்குறைய 3.5 கோடி ஜூல். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள 120 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்! எஞ்சினும் காற்றும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் பிரேக்குகளில் வெப்பமாகிறது. அளவு மீறிச் சூடேறிய பிரேக்கின் பிடிப்பு தளர்ந்துவிடும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் என்னும் மலையின் உச்சி 4,300 மீட்டருக்கும் மேல். அதன் சாலையில் இறங்கும் வண்டிகளைப் பாதி வழியில் நிறுத்தி, பிரேக்கின் வெப்பத்தைச் சோதிக்கும் வழக்கம் உண்டு.

டயரின் கதையும் வெப்பத்தின் கதையே. சுமை மிகுந்தாலும் காற்று குறைந்தாலும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள்; சுடும். டயரிலும் அதுவே நடக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டயரின் மேற்பட்டை உரிந்து நேர்ந்த விபத்துகள் பெரும் செய்தியாயின. பலர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவ்விபத்துகளுக்குக் காரணம் ஒன்று மட்டும் அன்று. டயரின் அமைப்பு, காற்றழுத்தக் குறைவு, வெப்பம் எனப் பலவும் விவாதிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் டிரெட் சட்டம் என்ற புதுச் சட்டம் வந்தது. கதவோரத்து அட்டை இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது அதன் பின்னர்தான். அந்தச் சிறு அட்டைக்குப் பின்னால் மனித உயிர்கள் இருக்கின்றன.

மிச்சம் யாருடையது?

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "பொறியாளர்கள் சற்றுக் கூடுதல் வலிமை வைத்துத்தானே வண்டியைச் செய்திருப்பார்கள்? கொஞ்சம் மிஞ்சினால் என்ன?" நியாயமான கேள்வி. கூடுதல் வலிமை உண்டு என்பதும் உண்மையே. ஆனால் அது நாம் செலவழிப்பதற்காக வைத்தது அன்று. வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போது, நிற்கும்போது உள்ளதைவிட மிகுதியான விசை அச்சின்மேல் விழுகிறது. உலோகம் ஆண்டுக்கு ஆண்டு களைப்படைகிறது. ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. திடீரென்று குறுக்கே வரும் குழந்தைக்காக முழு பலத்தோடு பிரேக் போட வேண்டியிருக்கிறது. அந்த மிச்சம் இவற்றுக்காக ஒதுக்கிய பணம். அதை எடுத்துப் புத்தகம் ஏற்றுவதற்குச் செலவிட்டால், தேவை வரும் நாளில் பெட்டி காலியாக இருக்கும்.

இன்னும் சிலர், வண்டியின் பின்பகுதி தாழ்ந்து போனால் கூடுதல் ஸ்பிரிங்கையோ காற்றுப் பைகளையோ பொருத்திவிடுகிறார்கள். வண்டி நிமிர்ந்துவிடும், ஆட்டமும் குறையலாம். ஆனால் அச்சும் டயரும் பிரேக்கும் பழையவையே. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால் சங்கிலி வலுப்பெறுமா? தாழ்ந்திருந்தபோது வண்டி ஓர் எச்சரிக்கையாவது கொடுத்தது. நிமிர்த்தியதால் அந்த எச்சரிக்கையும் போயிற்று.

அப்படியானால் கேம்பரே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். எனக்கும் மலையடிவாரத்தில் ஒரு வீட்டை இறக்கி வைத்துத் தங்க ஆசைதான்! முதலில் வீட்டின் முழு எடையைக் கூட்டிவிட்டு, பிறகு அதற்கேற்ற வண்டியைத் தேட வேண்டும். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள பெரிய வகைகளும் இருக்கின்றன. வண்டி முன்பே இருந்தால் அதற்கேற்ற சிறிய வீட்டைத் தேட வேண்டும். தண்ணீரைப் புறப்படும் இடத்தில் நிரப்பாமல், தங்கும் இடத்தில் நிரப்பினால் ஒரே மூச்சில் 100 கிலோ குறையும். கடைசியாக, எல்லாம் ஏற்றி, எல்லாரும் ஏறிய பிறகு எடை மேடைக்குப் போக வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கும் இடங்களில் ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே காட்டும் மேடைகள் உண்டு. கட்டணம் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்கு மேல் ஆகாது.

நம் ஊரிலும் நீங்கள் இதைக் காணலாம். சாலையோரம் நிற்கும் லாரியின் பக்கத்தில் வெற்று எடையும் மொத்த எடையும் எழுதியிருக்கும். இரண்டையும் கழித்துப் பாருங்கள். அது ஏற்றலாகும் சுமை கிடைக்கும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, வரம்பை மீறினால் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகைச் சுமையை இறக்கவும் வேண்டும். ஆனால் அபராதத்துக்கு அஞ்சி மட்டும் சுமையைக் குறைப்பவர், காவலர் இல்லாத சாலையில் மீண்டும் ஏற்றிவிடுவார். நெம்புகோலும் வெப்பமும் காவலர் இல்லாத சாலையிலும் வேலை செய்கின்றன என்று அறிந்தவர் ஏற்றமாட்டார். இயற்பியல் படிப்பதன் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த முறை யாராவது "தாங்கும், ஏற்று" என்றால், நீங்கள் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை கிலோ என்று கூட்டிப் பார்த்தீர்களா?"