கால் நகர்ந்தால் படம் மாறும்

கல்யாண வீட்டில் படம் எடுப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். நின்ற இடத்தை விட்டு யாரும் அசைவதில்லை. செல்போனை உயர்த்தி, விரலால் ஜூம் செய்து, தட்டிவிடுகிறார்கள். திரையில் கட்டம் போட்டு முகத்தை மூன்றில் ஒரு பங்கில் வைக்கச் சொல்லும் விதியெல்லாம் அப்புறம்தான். முதலில் கால் நகர வேண்டும்.

புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த ‘இடம்பெயர்ந்த தாய்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர் படமெடுத்த இடம் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். உறைபனியில் பயிர் கருகி, வேலை போய்விட்டது. அன்று அதே தாயை அவர் எடுத்த வேறு படங்களும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஃபிரேமிங்குக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தள்ளி நின்று எடுத்ததில் கூடாரம், பெட்டி, ஆடும் நாற்காலியில் மூத்த மகள், வெறுந்தரை என்று எல்லாமே உண்டு. கண்தான் எதிலும் நிலைக்கவில்லை. லாங் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக ஃபிரேமைவிட்டு வெளியேறுகின்றன. புகழ்பெற்ற அந்தப் படத்தில் பிள்ளைகள் இருவர் தாயின் தோளில் சாய்ந்து, முகத்தை அப்புறம் திருப்பியிருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை பாதி மறைந்து கிடக்கிறது. கன்னத்தை ஒட்டி எழுந்த கை நம் பார்வையை மேலே கொண்டுபோய் அந்த ஒரே முகத்தில் சேர்க்கிறது. “இங்க பாரு, இங்க பாரு” என்று அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தால் மூன்று முகங்களுக்கு நடுவே படம் சிதறியிருக்கும்.

படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு பெருவிரல் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து லாங் அதை நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை, அந்த விரலும் அந்த முகாமின் உண்மைதான். ஆனால் மூலையில் கிடந்த விரல்கூட அவர் கண்ணை உறுத்தியிருக்கிறதே, அந்தக் கண் நமக்கும் வேண்டும். பாட்டியின் தலைக்குப் பின்னால் முளைத்த மின்கம்பத்தை வீட்டுக்கு வந்து ஆப்பில் அழிப்பதைவிட, எடுக்கும்போதே ஓரடி இடப்பக்கம் தள்ளி நிற்பது சுலபம்.

இந்த வாரம் வீட்டில் ஒருவரை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுங்கள். ஜூமைத் தொடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓரடி முன்னே போங்கள். அழுத்துமுன் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். முதல் படத்தில் இருந்து கடைசிப் படத்தில் காணாமல்போன பொருட்களில் எதைத் தேடுகிறீர்கள் என்று யோசித்துவைத்திருங்கள், அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்கலாம்.