இனிப்பு நீர் நம் தலையெழுத்து அல்ல!



நம் கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் காதில் விழுகிற பேச்சு என்ன? "அண்ணனுக்குக் காலை எடுத்துட்டாங்க." "அக்காவுக்குக் கண்ணு தெரியல." "மாமா வாரத்துக்கு மூணு நாள் இரத்தம் சுத்தம் பண்ணப் போறாரு." பாடாங் செராய், லூனாஸ், கூலிம், பீடோங், சுங்கை பட்டாணி, எங்கே போனாலும் இதே பேச்சுத்தான். கேட்டுவிட்டு, "எல்லாம் தலையெழுத்து" என்று எழுந்து போய்விடுகிறோம்.

தலையெழுத்தா? கொஞ்சம் கணக்குப் பாருங்கள்.

2019 ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! எல்லா இனங்களையும் விட நாமே முன்னணியில் இருந்தோம். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடு. அதே ஆய்வில் அரை மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் இனிப்பு நீர், இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் பருமன் நான்கையும் ஒன்றாகச் சுமக்கிறார்கள். நாட்டில் புதிதாக டயாலிசிசுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள்.

"வாய்க்கட்டுப்பாடு இல்லாத ஜனங்கள்" என்று நம்மைப் பார்த்துச் சொல்வது எளிது. வாய்க்கட்டுப்பாடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சிலவற்றை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

லயத்தில் இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் கீரை, வெண்டை, முருங்கை இருந்தது. மாடு, கோழி இருந்தது. பால்மரம் சீவுகிறவர் பொழுது விடியும் முன்பே மைல் கணக்கில் நடந்தார். தோட்டம் துண்டாடப்பட்டது, மரம் வெட்டப்பட்டது, நம்மை வெளியே அனுப்பினார்கள். இன்று மலிவு விலை வீட்டின் நான்காவது மாடியில் கீரை எங்கே நடுவது? பன்னிரண்டு மணி நேரம் தொழிற்சாலையிலும் காவல் கொட்டகையிலும் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு, கடையில் கிடைக்கிற ரொட்டி சானாயும் டின் பால் ஊற்றிய தேத்தண்ணியும்தான் மலிவான சாப்பாடு. நாள் சம்பளக்காரர் கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. ஆகவே போக மாட்டார். கால் கருக்கும்போதுதான் போவார்.

இது ஒருவருடைய நாக்கின் குற்றம் மட்டுமா? நிலமும் நேரமும் பறிக்கப்பட்டவர்களின் நோய் இது.

ஒரு வரலாற்றை மறந்துவிடாதீர்கள். 1946-47 ஆம் ஆண்டுகளில் இதே கெடாவில், பீடோங் ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளுக்கு முன்னால் நம் மக்கள் மறியல் செய்தார்கள். போலீசார் 1947 இல் அந்த இயக்கத்தை அடக்கினார்கள். அந்தத் தொண்டர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் நம் உடம்பைக் கெடுப்பதில் இலாபம் பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடியை விடு என்று தம் மக்களிடமும் சொன்னார்கள். கடையை மூடு என்று நிர்வாகத்திடமும் சொன்னார்கள். இன்று நமக்கும் இரண்டு வேலையும் இருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1990 இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, தோட்ட முதலாளி வீடும் குழந்தைக் காப்பகமும் தருவதோடு மருத்துவ வசதியும் தர வேண்டும் என்கிறது. அங்கேயே குடியிருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவும் ஆடு மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கீரைப் பாத்தி முதலாளி போடுகிற பிச்சை அல்ல, சட்டத்தில் எழுதப்பட்ட விஷயம்! இன்னும் தோட்டத்தில் இருக்கிறவர்கள் இதை மேனேஜரிடம் கேளுங்கள். மாதம் ஒரு முறையாவது தோட்டக் கிளினிக்கில் எல்லோருக்கும் இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் பார்க்கச் சொல்லுங்கள்.

1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளத்தோடு நோய் விடுப்பு உங்கள் உரிமை. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாளும் மற்ற விடுப்போடு சேர்த்துக் கழிக்கப்படாமல் தனியாகவே உண்டு. ஆனால் நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிடுங்கள். வாய்ச்சொல் போதாது, வாட்சப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்து சொக்சோ. இதைக் கவனமாகப் படியுங்கள். சட்ட உதவி கேட்டு வருகிறவர்கள் பலர் இங்கேதான் ஏமாந்து நிற்கிறார்கள்.

இனிப்பு நீரால் கால் போனாலும், சிறுநீரகம் போனாலும், பக்கவாதம் வந்தாலும், அது வேலையிடத்து விபத்தாக இருக்க வேண்டியதில்லை. 60 வயதுக்குள் வேலை செய்ய முடியாத நிலைமை வந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதன் கீழ் டயாலிசிஸ் செலவுக்கும் உதவி உண்டு. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் விண்ணப்பம் கொடுக்கும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதாவது வேலையை விட்டு வீட்டில் 16 மாதத்துக்கு மேல் படுத்திருந்தால் இந்தக் கணக்கில் தகுதி கை நழுவிவிடும். பிறகு வேறு கணக்குத்தான் பார்க்க வேண்டும், ஓய்வூதியமும் குறையலாம்.

ஆகவே, "உடம்பு சரியில்லையா, வேலையை விட்டுடு" என்று யாராவது கடிதம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் டாக்டர் அறிக்கை, பிறகு சொக்சோ விண்ணப்பம், மற்றதெல்லாம் அப்புறம்.

"நான் கொந்திராக்காரனிடம் வேலை செய்கிறேன், எனக்குச் சொக்சோ இல்லை" என்கிறீர்களா? 1969 ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின்படி, கொந்திராக்காரன் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு உண்டு. கம்பெனி கைகழுவ முடியாது. இன்றே சொக்சோ அலுவலகத்தில் உங்கள் ஐசியைக் கொடுத்து, சந்தா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அங்கேயே புகார் கொடுங்கள். நோய் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

இனி நம் வீட்டு வேலை.

40 வயதாகிவிட்டதா? எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் குடும்பமா? 2019 இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் கணவன் மனைவி இருவருக்கும் இலவசப் பரிசோதனை உண்டு. நிறைய பேர் அதைத் தொடவே இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான், மருந்தும் சேர்த்து. வெறும் வயிற்றில் இனிப்பு நீர் 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், இரத்த அழுத்தம் 140/90 ஐத் தாண்டினாலும் டாக்டரை விடாதீர்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண், பாதம், சிறுநீர் மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்த நோய் வலிக்காமல் வேலை செய்யும். நாட்டு மருந்தை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர் காலை இழந்தார்கள் என்று உங்கள் கம்பத்திலேயே விசாரித்துப் பாருங்கள்.

கடையில் உட்கார்ந்தால் "தே ஓ கோசோங்" என்று சொல்லப் பழகுங்கள். கோயில் திருவிழாவிலும் கூட்டங்களிலும் சீனித் தண்ணீருக்குப் பதில் மோர் கொடுக்கலாமே! கோயில் நிர்வாகங்களே, திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற அதே இடத்தில் வருடம் ஒரு நாள் இரத்தப் பரிசோதனை முகாம் போடுங்கள். அதுவும் சாமி காரியம்தான்.

பிறப்புப் பத்திரமோ ஐசியோ இல்லாத நம் மக்களை மறக்காதீர்கள். அவர்களிடம் அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறது. இந்த மண்ணில் பிறந்தவர் காகிதம் இல்லாததால் இனிப்பு நீருக்கு மருந்து வாங்க முடியாமல் கிடக்கிறார். இதற்குத் தீர்வு கேட்பதும் சுகாதாரப் போராட்டம்தான்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது அதிகமில்லை. நீண்டகால நோயாளி கிளினிக்குக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. டைம் சிலிப் கொடுத்து அனுப்புவது நாள் சம்பளக்காரருக்குச் சோறு போடாது. தோட்டங்களில் சட்டம் 446 நடைமுறையில் இருக்கிறதா என்று தொழிலாளர் இலாகா நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இன வாரியாக நோய்க் கணக்கு எடுப்பவர்கள், இன வாரியாக நிதியும் ஆள்பலமும் ஒதுக்க வேண்டும்.

தேர்தல் வரும்போது அரிசி மூட்டையோடு வருகிறவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். அதற்கு முன் இந்த வாரமே அப்பாவையும் அம்மாவையும் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போங்கள். காலும் கண்ணும் இருக்கும்போதே உரிமையைக் கேட்போம்!