ஒரு சின்ன சங்கு கேட்டதுக்கா இந்தச் சிரிப்பு?

போன வாரம் எங்க ஊர்ல ஒரு கூட்டம். வெள்ளக் காலத்து முன்னேற்பாடு பற்றிப் பேச அதிகாரிங்க வந்திருந்தாங்க. "படுகையில வேலை பாக்குறவங்களுக்குக் கேக்குற மாதிரி ஒரு சின்ன சைரன் வச்சுக் கொடுங்கய்யா"ன்னு கேட்டேன். "எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே, அதுல மெசேஜ் வருமே" என்று சிரித்தார் ஒருத்தர். கூட நாலு பேர் சிரிச்சாங்க. அன்னைக்கு எனக்குப் பதில் வரல. இப்ப எழுதுறேன்.

எங்க ஊர் கொள்ளிடக் கரை. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. ஆற்றில் இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் போச்சு. அந்த மாசம் 22-ந் தேதிதான் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகு அடிச்சிக்கிட்டுப் போனது. அந்த வெள்ளத்தில் எங்க பெரியப்பா திட்டுல ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தார். செல்போன் சட்டைப் பையில. சட்டை கொட்டாய்ல தொங்குது. அறிவிப்பு ஆட்டோ வந்தது உண்மைதான். ஆனா தார் ரோட்டோட போயிடுச்சு. ரோட்டுக்கும் திட்டுக்கும் ஒன்றரை கிலோமீட்டர். கரைக்கும் திட்டுக்கும் நடுவுல தண்ணி புகுந்த பிறகுதான் அவர் பாத்தார். ராத்திரி பூரா வேப்பமரத்துல உக்காந்திருந்தவரை விடிஞ்சு படகு வச்சுக் கூட்டி வந்தோம். ஆளு பிழைச்சது. ஆடு நாலு போச்சு. அப்புறம் அவர் படுகைப் பக்கமே போகல.

"மேட்டூர்ல திறந்த தண்ணி உங்க ஊருக்கு வர நாள் கணக்காகுமே, அதுக்குள்ள தெரிஞ்சுக்க மாட்டீங்களா?" என்று கேட்பார்கள். தெரியும். தண்ணி வருதுன்னு தெரியும். எந்த நேரம் எந்தத் திட்டுக்குள்ள ஏறும்னு தெரியாது. ஒரு லட்சம் கன அடின்னு டிவியில சொன்னா, களை பறிக்கிற பொம்பளைக்கு அது என்ன கணக்கு? "இப்பவே கரையேறு" என்ற ஒரு சேதிதான் அவளுக்கு வேணும்.

செல்போன் எச்சரிக்கையை நான் பழிக்கலை. 2023-ல் சோதனைக்காக எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறியது; நல்ல ஏற்பாடுதான். ஆனா சார்ஜ் இல்லாத போன் அலறாது. டவர் செத்தா எதுவும் அலறாது. அதே 2018 நவம்பர் 16-ல் கஜா அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தார்களே, மறந்துபோச்சா?

2004 சுனாமியை நினைச்சுப் பாருங்க. புதுச்சேரி நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்து ஒரு போன் வந்தது. சேதியைக் கொண்டுவந்தது போன்தான். ஆனா ஊரைக் காப்பாத்தியது, அங்கிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி. அதில் கத்திச் சொன்னதால்தான் ஆயிரக்கணக்கான ஜனம் ஓடிப் பிழைச்சது. போன் ஒரு ஆளுக்குச் சொல்லும். குழாய் ஊருக்கே சொல்லும்.

நான் பெரிய கோபுரமும் கோடி ரூபாய் திட்டமும் கேக்கல. அதெல்லாம் திறப்பு விழாவோட சரி, துருப்பிடிச்சு நிக்கும். ஒரு சின்ன மோட்டார் சைரன், பேட்டரி, அதுவும் போனால் கையால் சுத்துற சைரன் ஒண்ணு. மோட்டார் எரிஞ்சா நம்ம பம்புசெட்டுக்குக் காயில் கட்டுறவரே கட்டித் தருவார். எதிர்க்காத்திலயும் அடைமழையிலயும் சத்தம் குறையும், தெரியும். அதனாலதான் படுகைக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு கேக்குறோம். ஆடி மாசம் அம்மன் பாட்டு மூணு ஊரு தாண்டிக் கேக்குது. அதே ஆடி, ஆவணியிலதான் வெள்ளமும் வருது. பாட்டுக்குக் கம்பம் நட முடியுது, உசுருக்கு முடியாதா?

நம்மாளுங்களுக்கும் ஒரு வார்த்தை. சைரனை வச்சுட்டா மட்டும் போதாது. சாவி ஒருத்தர் கையில் இருந்து அவர் கல்யாணத்துக்குப் போயிட்டா சைரன் வெறும் டப்பாதான். சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கணும். மாசம் ஒரு நாள் ஊதிப் பாக்கணும். நீளமா ஊதினா கரையேறு, விட்டு விட்டு ஊதினா சோதனைன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியணும். விளையாட்டுக்கு ஊதினவனுக்கு அபராதம் போடணும். இல்லேன்னா புலி வருது கதைதான்.

என் சின்ன வயசுல டவுன்ல நகராட்சி சங்கு ஊதும். காத்து இந்தப் பக்கம் அடிச்சா வயல்ல கேக்கும். சோத்துக்குக் கரையேறுவோம். மணி பாக்க அன்னைக்குச் சங்கு இருந்தது. சாவுக்கு முன்னாடி சொல்ல இன்னைக்கு ஒண்ணும் இல்லை.

வர்ற கிராம சபையில் இதைத் தீர்மானமா வைக்கப் போறேன். கைதூக்க ஆள் வேணும். படுகையில நிலம் இல்லாதவங்களும் வாங்க. அங்க கூலிக்குப் போறது உங்க வீட்டு ஆளுங்கதான்.