சலதாரைத் தண்ணீர் எங்கே போகிறது?

எங்கள் அம்மாயிக்கு 83 வயது. கடந்த பத்து ஆண்டுகளில் அவர் எங்களிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒருக்கா என்னைய எங்கூருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க சாமி." சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து அவர் பிறந்த ஊர் சுமார் 30 கிலோமீட்டர்தான். மதியம்பட்டிக்குத் தெற்கே, திருமணிமுத்தாற்றங்கரையில், நான்கைந்து வளவுகள் சேர்ந்த சிற்றூர். இந்தப் பத்து ஆண்டுகளில் நாங்கள் திருப்பதி போனோம், மூணாறு போனோம்; பேரப்பிள்ளைகளில் இருவர் சிங்கப்பூர் வரை போய்வந்தார்கள். அந்த 30 கிலோமீட்டரை மட்டும் யாரும் கடக்கவில்லை. "அடுத்த லீவுல போலாம் அம்மாயி" என்று சொன்னவர்களைக் கணக்கெடுத்தால் என் பெயர் முதலில் வரும்.

இந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் கிளம்பினோம். நான்கு தலைமுறை, பன்னிரண்டு பேர். நெடுஞ்சாலை வேண்டாம், ஆறு போகிற வழியிலேயே போகலாம் என்றார் அம்மாயி. கல்யாணமாகிச் சேலத்துக்கு மாட்டுவண்டியில் வந்த வழி அதுதானாம். அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்கு அந்த வழி மறக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிறது. சேலம் நகரத்துக்குள் புகுந்து, உத்தமசோழபுரம், வீரபாண்டி, மதியம்பட்டி, பில்லூர் என்று தெற்கே இறங்கி, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேர்கிறது. ஒரு காலத்தில் இதில் முத்து கிடைத்தது, அதனால்தான் இந்தப் பெயர் என்பார்கள். சேலம் சுகவனேஸ்வரர், உத்தமசோழபுரம் கரபுரநாதர், பில்லூர் வீரட்டீஸ்வரர், மாவுரெட்டி பீமேஸ்வரர், நஞ்சை இடையாறு திருவேலிநாதர் என்று ஐந்து சிவன் கோயில்களை இந்த ஓர் ஆறு கோத்து வைத்திருக்கிறது. உத்தமசோழபுரத்தில்தான் ஔவையார் பாரி மகளிருக்குத் திருமணம் நடத்தி வைத்தார் என்பது இந்தப் பக்கத்து ஐதீகம். இதையெல்லாம் அம்மாயி வேனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சேலத்திலேயே பிறந்து வளர்ந்த நான், பன்னிரண்டு ஆண்டுகள் இந்த ஆற்றின் பாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். 'பெரிய சாக்கடை' என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பெயர். அதற்குத் 'திருமணி' என்று தொடங்கும் பெயர் ஒன்று உண்டென்று தெரிய வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

அட்டையாம்பட்டியில் நிறுத்திப் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கினோம். அங்கிருந்து அம்மாயியின் பேச்சு முழுக்க ஆறுதான். கோடையில் ஆறு வற்றிய பிறகும் மணலில் முழங்கை ஆழம் பறித்தால் ஊற்று கிளம்புமாம். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு, துணியில் வடிகட்டிப் பித்தளைக் குடத்தில் ஊற்றுவார்களாம். ஒரு குடம் நிறையும் நேரத்தில் இரண்டு பாட்டு முடியுமாம். தோட்டத்துக் கிணற்றில் கவலை ஓட்டி இறைத்த தண்ணீரில் கம்பும் சோளமும் விளைந்தன. ஆற்றுப் பாய்ச்சலில் கொஞ்சம் நெல்லும் விளைந்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டமாகவில்லை. எல்லாம் 'சேலம் ஜில்லா'தான். 1997இல் ஜில்லா இரண்டாகப் பிரிந்தது. அம்மாயி மட்டும் இன்றுவரை ஒரே ஜில்லா என்றுதான் சொல்கிறார். ஆற்றுக்கும் அப்படித்தான், அது எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடு இருந்தது, ஓடு இல்லை. ஆசாரத்தில் எருக்கு முளைத்திருந்தது. பங்காளிகள் ஆளுக்கொரு பங்கு என்று எழுதிக்கொண்ட பிறகு, ஓட்டை மாற்றும் செலவு யாருடைய பங்கிலும் வரவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தோம். பிளாஸ்டிக் பைகளும் பழைய துணிகளும் கிடந்தன. அதற்குப் பத்தடி தள்ளி எங்கள் பெரிய மாமா போட்ட போர் நின்றது. 800 அடி தோண்டியும் கைவிட்ட போர் அது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகின்றன. அந்தத் தொழிலில் நம் சீமைக்குப் பெருமை உண்டு. ஆனால் மேலே ஓடிய ஆற்றைக் காப்பாற்றியிருந்தால், நம் சொந்த ஊரிலாவது அத்தனை ஆழம் போயிருக்க வேண்டியதில்லை.

பிறகு ஆற்றங்கரை. முந்தின இரவு சேலத்தில் நல்ல மழை. பாலத்தடியில் ஆள் உயரத்துக்கு நுரை நின்றது. காற்றடிக்கும்போது பிய்ந்து பறந்து வயலில் விழுந்தது. பிள்ளைகள் முதலில் அதைப் பனி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நாற்றம் வந்ததும் பின்வாங்கினார்கள். மழை பெய்தால் நுரை வருவது இந்தப் பக்கத்துக்குப் பழகிப்போன காட்சி. மழைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாயக்கழிவைத் திறந்துவிடுகிறார்கள், நகரத்துச் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "சேலத்துக்காரங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். அழுவார் என்று பயந்தோம். அழவில்லை. என் மாமாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏஞ்சாமி, சேலத்துல நம்மூட்டுச் சலதாரைத் தண்ணி எங்க போவுது?"

மாமா பதில் சொல்லவில்லை. எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தெரியாமல் அல்ல, அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் தெருச் சலதாரை ஓடையில் விழுகிறது. ஓடை ஆற்றில் விழுகிறது. ஆறு அம்மாயியின் ஊருக்கு வருகிறது. பத்து ஆண்டுகளாக நாங்கள் அந்த ஊருக்குப் போகவில்லை. எங்கள் சாக்கடை ஒருநாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தின் தவறு என்று தொடங்குகிறேன். ஆனால் இது எங்கள் குடும்பத்தோடு முடிவதில்லை என்பது சேலத்திலும் நாமக்கல்லிலும் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதலாவது, பழியை எப்போதும் பிறர்மீது போட்டோம். சாயப்பட்டறைக்காரர்கள் கெடுத்தார்கள் என்றோம். பட்டறைக்காரர்கள் யார்? நம் மாமன் மச்சான்கள். எங்கள் உறவில் ஒருவர் இருபது ஆண்டுகள் ஒரு பட்டறையில் பங்கு வைத்திருந்தார். என் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தப் பணம். கழிவு எங்கே போகிறது என்று எங்கள் வீட்டில் ஒருநாள்கூட யாரும் அவரைக் கேட்டதில்லை. குச்சிக்கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளும் அப்படித்தான். கிழங்கு நம் காட்டில் விளைந்தது, ஆலையில் நம் ஆட்கள் வேலை பார்த்தார்கள், கழிவுநீரின் புளித்த வாடையை மட்டும் அடுத்தவருடையது என்றோம்.

இரண்டாவது, குழாய் வந்ததும் நீர்நிலையை மறந்தோம். சேலத்தின் குடிநீருக்காக 1911இல் பனமரத்துப்பட்டி ஏரியை அமைத்தார்கள். மேட்டூரிலிருந்து காவிரி குழாயில் வந்து சேர்ந்ததும் அந்த ஏரியை விட்டுவிட்டோம். பரந்த அந்த ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக மண்டியது. ஆற்றுக்கு நடந்ததும் அதுதான். தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்தோம். அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டோம்.

மூன்றாவது, பக்கத்து வீடு எரிந்ததைப் பார்த்தும் பாடம் படிக்கவில்லை. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு நம் கண்ணெதிரில் செத்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்று சேலத்தில் நாம் அதைத் திருப்பூர்ச் செய்தியாகப் படித்துவிட்டு மடித்து வைத்தோம்.

நான்காவது, எல்லையைக் காரணம் காட்டினோம். மேலே இருப்பவர்கள் ஒரு மாவட்டம், கீழே இருப்பவர்கள் ஒரு மாவட்டம். நுரை வரும்போதெல்லாம் கீழே இருப்பவர்கள் மனுக் கொடுத்தார்கள். மேலே இருக்கும் நாம் அது நாமக்கல் பிரச்சினை என்றோம். கீழே இருப்பது நம் அம்மாயி வீடு என்பதை மறந்தே போனோம்.

ஐந்தாவது, கேட்டு வைக்கவில்லை. எந்த வாய்க்கால் எந்த ஏரிக்குப் போனது, ஊற்று பறித்த இடம் எது, ஆடிப்பெருக்குக்கு எந்தத் துறையில் இறங்கினார்கள் என்பதெல்லாம் அம்மாயி தலைமுறையின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆக்கிரமித்த வாய்க்காலை மீட்பதற்கு அந்த நினைவும் ஒரு சாட்சியம். அந்தச் சாட்சிகளை வீட்டில் வைத்துக்கொண்டே ஒருவரிடமும் வாக்குமூலம் வாங்காமல் இருந்தோம்.

மீட்க முடியாது என்று சொல்வதும் அலட்சியத்தின் இன்னொரு வடிவம்தான். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்து புதனூர் ஊராட்சியில் குட்டம்பேரூர் என்ற ஆறு, கழிவும் சேறும் களையும் மண்டி ஓட்டம் நின்று கிடந்தது. 2017இல் ஊராட்சி மக்கள் ஊரக வேலைத்திட்டத்தின் கீழ் இறங்கி, சுமார் 700 பேர், பெரும்பாலும் பெண்கள், அதைத் தூர்வாரி மறுபடி ஓட வைத்தார்கள். அந்த ஆற்றைவிட நம் ஆறு நீளமானது, நம் கழிவு கொடியது. தூர் வாருவது மட்டும் நமக்குப் போதாது. மேலே இருந்து வரும் கழிவை நிறுத்தியாக வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும், சுத்திகரிப்பு நிலையங்கள் இரவும் பகலும் ஓட வேண்டும், அதிகாரிகள் மழைநாளில் வந்து மாதிரி எடுக்க வேண்டும். இதையெல்லாம் கேட்கும் தகுதி, நம் வீட்டுக் கணக்கைத் தீர்த்த பிறகுதான் நமக்கு முழுமையாக வரும்.

மாலையில் நஞ்சை இடையாற்றுக்குப் போனோம். கறுத்த தண்ணீர் காவிரியில் இறங்கும் இடத்தில் நின்றோம். மேட்டூரில் காவிரியின் நல்ல தண்ணீரை எடுக்கிறோம். குடித்துக் குளித்துத் துவைத்து முடித்து, இங்கே இப்படித் திருப்பிக் கொடுக்கிறோம். இதற்குக் கீழே திருச்சி இருக்கிறது, தஞ்சாவூர் இருக்கிறது. அம்மாயி கைகூப்பிக் காவிரியைக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம், எங்களுக்கு அது மன்னிப்புக் கேட்பதாகத்தான் இருந்தது.

வீடு திரும்பிய பிறகு நாங்கள் செய்தவை மூன்று. அம்மாயி சொல்லும் வாய்க்கால், ஏரி, துறைகளின் பெயர்களை என் தங்கை மகள் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். பிறந்த வீட்டுக்கு ஓடு மாற்றும் செலவைப் பங்குதாரர் அனைவரும் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறோம். எங்கள் தெருச் சலதாரையைப் பாதாளச் சாக்கடையில் இணைக்கக் கேட்டு, தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கையெழுத்தோடும் மனுக் கொடுத்திருக்கிறோம். இவை சிறியவை. இத்தனை ஆண்டு அலட்சியத்துக்கு இவை ஈடாகா.

சேலத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாயி இருப்பார், அல்லது இருந்திருப்பார். அவர் பிறந்த ஊருக்கு இந்த வாரமே பிள்ளைகளோடு போய் வாருங்கள், ஆறு போகிற வழியாகவே போங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டு வாசலில் நின்று, சலதாரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.