முகவலி தீர்க்கும் யந்திரம்

யந்திரம் என்கின்ற வார்த்தைக்கு நம் நாட்டில் இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, செப்புத் தகட்டில் கட்டம் கீறி, மந்திரித்துத் தாயத்துக்குள் அடைத்துக் கொடுப்பது. மற்றொன்று, மின்சாரத்தினால் ஓடுவது. முன்னதை நம்பிக் காசைத் தொலைத்தவர்களில் பலர் இப்போது பின்னதையும் அதேபோல் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தலைப்பட்டிருக்கிறார்கள்.

சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களிலே கன்னத்திலும் புருவத்திற்கு மேலும் மாதக்கணக்காய் வலியும் பாரமுமாய் இருந்தால், "தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்பார்கள். அதற்கு ஆவி பிடித்துப் பார்ப்பதும், மந்திரித்துக்கொள்வதும் போக, இப்போது மருந்தில்லாக் கருவியும் வந்திருக்கிறது. "முகத்தில் வைத்தால் போதும், இன்னாருக்குக் குணமாயிற்று" என்பதே விளம்பரம்.

தோழர்களே! இன்னாருக்குக் குணமாயிற்று என்கின்ற சாட்சி எந்தக் கோயில் வேண்டுதலுக்குத்தான் இல்லை? இந்த வலி தானாகவே ஏறி இறங்கும் தன்மையுடையது. ஏறினபோது கருவி வாங்குகிறோம். இறங்கினபோது பேர் கருவிக்குப் போகிறது.

இந்தச் சூட்சுமத்தை இங்கிலாந்தில் ஹேகார்த் என்கின்ற வைத்தியர் 1799-ம் வருஷத்திலேயே வெளிப்படுத்திவிட்டார். அமெரிக்கரான பெர்க்கின்ஸ், இரண்டு உலோகக் கோல்களைத் தேய்த்தால் வலி போகுமென்று சொல்லி 1796-ல் பேடண்டும் வாங்கி விற்றார். ஹேகார்த், மரக்கோல்களுக்கு உலோகம் போல் வர்ணம் பூசி, பாத் நகர ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிகளுக்குத் தேய்த்தார். நால்வர் சுகம் கண்டதாகச் சொன்னார்கள்! அவர்கள் பொய்யர்களல்ல. நம்பிக்கை செய்த வேலையைக் கோல் செய்ததாக எண்ணினார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாக் கருவிகளும் புரட்டு என்று நாம் சொல்லவில்லை. சோதிக்காமல் தள்ளுவதும் ஒரு மூட நம்பிக்கையே. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மூக்கு வைத்தியர்கள், முகத்தில் சிறு மின்சாரம் செலுத்தும் ஒரு கருவியை இம்மாதிரியே சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு நிஜக் கருவி. சிலருக்குப் பார்வைக்கு அதே போன்ற போலிக் கருவி. எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. போலியிலும் வலி குறைந்தது. நிஜத்தில் அதைவிட அதிகமாய்க் குறைந்தது. ஆனால், ஒரு தடவை வைத்த சிறிது நேரத்தில் வலி குறைந்ததற்குத்தான் அது ருஜுவே ஒழிய, நாள்பட்ட வியாதி தீர்ந்ததற்கு ருஜுவாகாது.

நம் தேசத்திலும் 1954-ம் வருஷச் சட்டம் தாயத்து, மந்திரம், கவசத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. வைத்தியக் கருவிகள் யாவும் 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே, விற்க வருகிறவனை மூன்று கேள்வி கேளுங்கள்: போலிக் கருவியோடு வைத்துச் சோதித்ததுண்டா? எத்தனை பேரிடம்? எத்தனை நாள் வரையில்? பதில் இல்லையேல் பணமும் இல்லை.

பணம் போவதைவிடக் காலம் போவதே பெருங்கேடு. மேல்வாய்ச் சொத்தைப் பல்லினாலும் கன்னத்தில் வலி வரும். மின்னல் வெட்டுவது போன்ற வலி நரம்பின் கோளாறாயிருக்கலாம். கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கடுங்காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, யந்திரத்தைத் தூர வைத்துவிட்டு அன்றைக்கே கள்ளக்குறிச்சி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செப்புத் தகட்டைக் கேட்ட கேள்வியை மின்சாரக் கருவியையும் கேட்பவனே பகுத்தறிவுவாதி. மற்றவன் தாயத்தை மாற்றிக்கொண்டவனே ஆவான் என்பது நமது அபிப்பிராயம்.