ஸ்லோ ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்

எங்கள் வீட்டு மாருதி 800, அப்பா வாங்கிய 1994-ஆம் வருட வண்டி. போன சித்திரையில் அது சிக்னலுக்குச் சிக்னல் நின்றுபோக ஆரம்பித்தது. காலையில் சோக் போட்டு எடுக்கும்போது ஒரு குறையும் தெரியாது. சூடேறி, சோக்கைத் தள்ளிவிட்டு, திருச்சி ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னலில் போய் நின்றால் உதறும், திணறும், அப்படியே அணைந்துவிடும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், கிட் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், கடைசியில் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றி வைத்துக் கொடுத்தார்கள். வண்டி நிற்பது நின்றது. ஆனால் சும்மா நிற்கும்போதே மோட்டார் பம்பு போல இரைந்தது. பத்து நாளில் பழைய குருடி கதவைத் திறடி.

பிறகுதான் பாலக்கரையில் ஒரு பாயிடம் போனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. ஏற்றி வைத்திருந்த ஸ்லோவை இறக்கினார். வண்டி உதற ஆரம்பித்ததும், "சார், உள்ள உக்காந்து சோக்கை லேசா இழுங்க" என்றார். இழுத்தேன். உதறல் அடங்கி, இன்ஜின் சீராக ஓடியது. "தள்ளுங்க" என்றார். மறுபடி உதறல். "காத்து இழுக்குது சார். கார்பரேட்டர் பாவம், அதுமேல குத்தமில்ல."

அந்த ஒரு சோதனைக்குள் இருக்கும் கணக்கு அழகானது. ஸ்லோவில் ஓடும்போது த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன் இறங்கி இழுக்கும், காற்று வரப் போதிய வழி இருக்காது, மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகும். கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் பாதரசக் கணக்கில் சுமார் 30 அங்குலம். ஆரோக்கியமான இன்ஜினில் வேக்குவம் மீட்டர் மாட்டினால் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டி, முள் ஆடாமல் நிற்கும். அதாவது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதில் பாதிகூட இல்லை. அப்போது ஒரு கேஸ்கட்டிலோ ஹோஸிலோ சின்ன வெடிப்பு இருந்தால் போதும், வெளிக்காற்று உள்ளே பாயும். அந்தக் காற்று கார்புரேட்டர் வழியாக வராததால் அதற்குரிய பெட்ரோலும் வராது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதைத் தாண்டிக் கூடிக்கொண்டே போனால் தீ சரியாகப் பிடிக்காமல் சிலிண்டர் மிஸ் ஆகும். சோக்கை இழுக்கும்போது பெட்ரோல் கூடுகிறது, கணக்கு நேராகிறது.

அப்படியானால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஏன் ஒன்றும் தெரிவதில்லை? அண்டாப் பாலில் ஒரு கரண்டித் தண்ணீர் கலந்தால் நாக்குக்குத் தெரியாது. டம்ளர் பாலில் கலந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஸ்லோவில் இன்ஜின் குடிப்பது டம்ளர் அளவுதான். அதுவும் மாருதி 800 மூன்றே சிலிண்டர், 796 சிசி. ஒன்று மிஸ் ஆனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும்.

சோக் சோதனை ஓட்டை எங்கே என்று சொல்லாது. ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருந்தாலும் வண்டி இதே மாதிரி நடந்துகொள்ளும். அதனால் பாய் அடுத்து, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் அழுத்தி, சத்தத்தைக் கவனித்துக்கொண்டே வந்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவார்கள். ஆனால் பல கார்புரேட்டர்களில் அதன் துளை த்ராட்டிலுக்கு மேலே இருப்பதால் ஸ்லோவில் அங்கே வெற்றிடமே இருக்காது. எங்கள் வண்டியில் குற்றவாளி, இன்ஜின் புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பிவிடும் ஹோஸ். அதை அழுத்தியதும் உதறல் பாதியாகக் குறைந்தது. கழற்றிக் கையில் கொடுத்தார். மேல்பக்கம் புதுசு மாதிரி இருந்தது. வளைவின் அடிப்பக்கத்தை விரலால் மடக்கியபோதுதான் பித்தவெடிப்பு போலக் கோடு கோடாக வாய் திறந்தது.

ஹோஸ் மாற்றியும் மீதி உதறல் போகவில்லை. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்து, கார்புரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றி ஒரு நொடி, ஒரு நொடியாக அடித்தார். ஒரு மூலையில் பட்டதும் இன்ஜின் ஓசை மாறியது. ஓட்டை வழியே திரவம் உள்ளே போனால் ஓசை மாறாமல் இருக்காது. இந்தச் சோதனையைச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கக்கூடியது. சூடான சைலன்சர் குழாயும் கசியும் பிளக் ஒயரும் பக்கத்தில் இருக்கும். பாட்டிலில் பெட்ரோலை ஊற்றிப் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

கழற்றிப் பார்த்தால், கார்புரேட்டரின் அடிப்பாகம் வளைந்திருந்தது. முன்பு கழற்றி மாட்டியவர் நட்டைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார். நட்டு இருக்கும் மூலைகள் கீழே இழுபட்டு, நடுப்பகுதி மேலே எழும்பிவிட்டது. பாய் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை விரித்து, அடிப்பாகத்தை எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்த்தார். முதலில் மூலைகள் மட்டும் பளபளத்தன. அரை மணி நேரத்தில் முழுப் பரப்பும் ஒரே நிறமாக வந்தது. புதுக் கேஸ்கட் வைத்து, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அன்றிலிருந்து வண்டி எந்த சிக்னலிலும் நிற்கவில்லை.

ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றுவது காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போடுவதுதான். ஓட்டை அப்படியே இருக்கும், பெட்ரோல் குறைந்த கலவை எரிந்துகொண்டே இருக்கும், பிளக் வெளுத்துப்போகும். காற்று இழுக்கவில்லை என்று உறுதியான பிறகே கார்புரேட்டரைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. த்ராட்டில் தண்டு தேய்ந்து அதன் பக்கவாட்டில் காற்று நுழைந்தால், எந்தக் கிட்டும் எந்தக் கேஸ்கட்டும் அதை அடைக்காது, புஷ் போட்டே ஆகவேண்டும். வேக்குவம் மீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். சென்னையில் 18 காட்டும் அதே இன்ஜின் ஊட்டியில் 11 பக்கம்தான் காட்டும். அதை ஓட்டை என்று நினைத்துத் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம்.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும் என்பதால், பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டர் வண்டியில் கலவை இன்னும் கொஞ்சம் இளைக்கிறது. முன்பு பொறுத்துக்கொண்ட சின்ன ஓட்டையை இன்ஜின் இனி பொறுக்காது. பழைய ரப்பருக்கும் எத்தனால் ஒத்துவருவதில்லை.

இதே மேனிஃபோல்டு வெற்றிடத்தில் வேலை செய்யும் பிரேக் பூஸ்டர் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நாளைக் காலையில் ஒன்று செய்யுங்கள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் கட்டையானதும் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் சற்றே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வெற்றிடம் போய்ச் சேரவில்லை. ஸ்லோவில் வண்டி உதறுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ரோட்டில் எடுக்காதீர்கள்.