பூட்டும் பொருளும்

பூட்டென்றவுடன் வீட்டுக் கதவும் இரும்புப் பெட்டியுமே யாவர்க்கும் நினைவில் எழும். ஈண்டு நாம் பேசப் புகுந்த பூட்டோ இரும்பாலாயதன்று. கணிப்பொறி இயங்குதளத்தினுள், கெர்னல் என வழங்கும் உட்கருவில், நிரலெழுத்தால் ஆக்கப்படுவது. எனினும் அது பழுதுபட்டால் விளையும் கேடு, வீட்டுப் பூட்டுப் பழுதுபட்டால் விளைவதினும் சிறிதன்று. கணிப்பொறி பயிலும் மாணவர் பலர் இப்பொருளைத் தேர்வுக்கு வேண்டுமளவே கற்று மறந்துவிடுகின்றனர் ஆதலின், இதுபற்றி நம் கருத்தைச் சிறிது விரித்துரைக்கத் துணிந்தோம்.

இக்காலத்துக் கைப்பேசியிலும் பல கோர்கள் உள்ளன. அவை ஒரே காலத்தில் தத்தம் வேலையைச் செய்துகொண்டு, ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நினைவகத்தில் ஓரிடத்தை எத்தனை பேர் கையாளுகின்றனர் என்று உட்கரு ஓர் எண்ணிக்கை வைத்திருப்பதாகக் கொள்வோம். அது 5 ஆயிருக்கும்போது இரு கோர்கள் ஒருங்கே அதனைப் படித்து, இரண்டும் ஒன்றைக் கூட்டி, இரண்டும் 6 என்று எழுதிவிட்டால், 7 ஆகவேண்டிய எண் 6 ஆய்விடும். பின்னர் அறுவர் விடுத்துச் சென்றவுடன் எண் 0 ஆகும். ஏழாமவர் இன்னும் கையாண்டுகொண்டிருக்கும் இடத்தை உட்கரு வேறொருவர்க்கு வழங்கிவிடும். கள்வர் நுழைவதற்கு இத்தகைய சந்து போதும். லினக்ஸ் உட்கருவில் 2007இல் புகுந்து 2016 அக்டோபரில் திருத்தப்பட்ட ‘டர்ட்டி கௌ’ என்னும் பிழையும், இருவர் ஒரே காலத்தில் ஒன்றைத் தீண்டுவதால் விளையும் இவ்வினத்ததே. எழுதும் உரிமையில்லாத கோப்பிலும் எழுதிவிட அஃது இடங்கொடுத்தது. ஒன்பதாண்டு அங்கேயே கிடந்தது.

லினக்ஸின் 2.0 பதிப்பு 1996இல் வெளிவந்து, பல செயலிகளையுடைய பொறிகளில் இயங்கத் தொடங்கிற்று. அப்போது உட்கருவுக்கு ஒரே பெரும் பூட்டு: ஒருவர் உள்ளிருப்பின் ஏனையோர் வெளியே காத்திருத்தல் வேண்டும். காவல் எளிது, காலந்தான் வீண். ஆதலின் அப்பூட்டைச் சிறுகச் சிறுகக் களைந்து, 2011இல் 2.6.39 பதிப்போடு முற்றும் நீக்கினர். அதனிடத்தில் இன்று எண்ணிறந்த சிறு பூட்டுக்கள். விரைவு பெருகிற்று, எப்பூட்டு எப்பொருளுக்குரியது என்னும் ஐயமும் உடன் பெருகிற்று.

உட்கருவின் பெரும்பகுதி எழுதப்பட்டுள்ள சி மொழியில், பூட்டு ஓரிடத்தும் அது காக்கும் பொருள் வேறோரிடத்தும் இருக்கின்றன. இரண்டையும் பிணைப்பது பெரும்பாலும் அருகில் எழுதிய ஒரு குறிப்புரையே. நூல்நிலையத்தில் அரிய சுவடியொன்றைத் திறந்த தட்டில் வைத்து, சுவரில் ஆணியடித்து ஒரு சாவியை மாட்டி, ‘இச்சாவியைக் கையில் எடுத்தவரே சுவடியைத் தொடலாம்’ என்று எழுதி ஒட்டியதை இஃது ஒக்கும். நல்லவர் அவ்வாறே ஒழுகுவர். புதியவர் குறிப்பைப் படியார். மறதியுடையார் சாவியைச் சட்டைப் பையிலிட்டு வீடு சென்றுவிடுவர். உட்கருவிலும் இப்படியே: வேலையின் நடுவே ஏதோ தவறு நேர்ந்து பாதியில் திரும்பும் வழியில், பூட்டை விடுவிக்கும் ஒரு வரி விட்டுப்போகும். அதன்பின் அப்பூட்டுக்குக் காத்திருப்போர் காத்திருக்க வேண்டியதே.

ரஸ்ட் என்னும் நிரல்மொழியோ சுவடியை அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டுகின்றது. பொருள் பூட்டின் உள்ளே கிடப்பதால், பூட்டைத் திறவாமல் அதனைத் தீண்ட வழியில்லை. திறந்தவர்க்கு ‘கார்டு’ என்னும் ஒரு சீட்டு கிடைக்கும். அச்சீட்டு உள்ளவரையே பொருளும் கையில் இருக்கும். வேலை முடிந்தோ, பாதியில் முறிந்தோ, எவ்வழியாக வெளியேறினும் சீட்டு அழியும். அழிந்த கணமே பூட்டு விடுபடும். சீட்டழிந்த பின்னும் பொருளைப் பற்றிக்கொண்டிருக்க முயன்றால், கம்பைலர் அந்நிரலை ஏற்க மறுத்துவிடும். இச்சோதனை நிரல் ஓடுவதற்கு முன்னரே முடிந்துவிடுவதாதலின், ஓடுங்கால் இதனால் தாமதம் இல்லை. இம்மொழியின் முதற்பதிப்பு 2015இல் வந்தது. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1இல் இடம்பெற்றது, 2025 டிசம்பரில் டோக்கியோவிற் கூடிய உட்கருப் பொறுப்பாளர், இது இனிச் சோதனை முயற்சியன்று எனத் தீர்மானித்தனர்.

தேர்ந்த கைகளுக்கு இக்கட்டு எதற்கு, ஒழுங்கே போதாதோ என்பாருளர். முப்பதாண்டாக உலகின் தலைசிறந்த நிரலாளர் பலர் ஒழுங்கை நம்பியே எழுதினர், பிழைகள் நின்றபாடில்லை. சி மொழியிலேயே எழுதுவோரும் 2023இல் 6.5 பதிப்பில், வெளியேறும்போது பூட்டுத் தானே விடுபடும் ஏற்பாடொன்றைச் சேர்த்துக்கொண்டனர். ஒழுங்கு மட்டும் போதுமாயின் அவர்க்கு அது வேண்டியதில்லை அன்றோ?

நிற்க. இம்மொழியைக் கற்றோர் சிலர், பூட்டுத் தொல்லை யாவும் தீர்ந்ததென்று பேசுவதையும் நாம் ஒப்பவில்லை. ஒருவர் முதற்பூட்டைப் பிடித்து இரண்டாவதற்கும், மற்றொருவர் இரண்டாவதைப் பிடித்து முதலதற்கும் காத்திருப்பாராயின், இருவரும் என்றென்றும் நிற்க வேண்டியதே. டெட்லாக் எனப்படும் இதனை ரஸ்ட் தடுப்பதாகச் சொல்லவேயில்லை. லினக்ஸில் இதற்கென 2006இல் இங்கோ மோல்நார் என்பார் ஆக்கிய லாக்டெப் என்னும் கருவி உண்டு. அது பூட்டுக்கள் பிடிக்கப்படும் வரிசையைக் கவனித்து எச்சரிக்கும். எனினும் ஒருமுறையேனும் ஓடிய வழியையே அது காணும். கூகுள் நிறுவனத்தார் தம் ஃபியூக்சியா இயங்குதளத்தின் வலைப்பின்னற் பகுதியை ரஸ்டில் எழுதியபோது, பூட்டுக்களின் வரிசையையே மொழியின் வகைகளாக அமைத்து, வரிசை பிறழ்ந்தால் கம்பைலரே மறுக்கச் செய்தனர். உழைப்பு மிக வேண்டும் வழி இது. ஆயினும் நம் மனத்துக்கு மிகவும் உகந்தது.

மேற்கூறிய தீர்மானம் நிகழ்ந்த அதே மாதத்தில், லினக்ஸின் ரஸ்ட் பகுதியிற் கண்ட முதற் பாதுகாப்புப் பிழை எண்ணிட்டு வெளியிடப்பட்டது. ஆண்ட்ராய்டில் நிரல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பைண்டர் என்னும் பகுதியில் அது நேர்ந்தது. ஓர் இழை பூட்டைப் பிடித்து, பட்டியல் முழுவதையும் தன் கைப்பட்டியலுக்கு மாற்றி, பூட்டை விடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றது. அதே வேளையில் மற்றோரிழை, உறுப்பொன்று பழைய பட்டியலில்தான் உள்ளதென நம்பி அதனைப் பிடுங்கிற்று. தொடர்புச் சங்கிலி அறுந்து இயங்குதளம் நிலைகுலைய இடமாயிற்று. எள்ளி நகைக்கச் சிலர்க்கு இது போதுமாயிருந்தது. நாம் கண்டது வேறு. அப்பிடுங்கும் வரி, ‘அன்சேஃப்’ என்னும் முத்திரையின்கீழ், ‘இதற்கு நானே பொறுப்பு’ என்று மனிதர் வாக்களித்த இடத்தில் நின்றது. கம்பைலர் காத்த இடத்தில் அன்று, மனிதர் காப்பதாகச் சொன்ன இடத்திலேயே வேலி உடைந்தது. தேடுவார்க்கு முதலில் எங்கே தேடவேண்டும் என்பதும் விளங்கிற்று. பட்டியலை ஒருங்கே அள்ளாமல், மூலப்பட்டியலினின்றே ஒவ்வொன்றாக எடுக்குமாறு திருத்தினர்.

ஆசிரியப் பெருமக்கட்கு நாம் விண்ணப்பிப்பது ஒன்று. பூட்டைப் பிடிப்பதும் விடுப்பதும் எவ்வாறென்று கற்பிக்குமுன், அஃது எப்பொருளைக் காக்கின்றது என்று மாணவரைச் சொல்லச் செய்க. ஆய்வுக்கூடத்தில் சி மொழியில் எழுதிய பயிற்சியையே மறுவாரம் ரஸ்டிலும் எழுதுவிக்க; கம்பைலர் மறுத்துத் திருப்பும் ஒவ்வொரு வரிக்கும், முன்வாரத்து நிரலில் அதே இடத்தில் என்ன நேர்ந்திருக்கும் என மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதட்டும். அதற்கு ஒரு பருவத்தில் நான்கு வகுப்புக்கள் ஒதுக்கினாலும் தகும்.